எதிர்ப்பு பூஜ்ஜியம், ஆனாலும் தோல்வி

1993 மே 11. மக்களவையில் ஒரு தீர்மானத்தின் மீது வாக்கெடுப்பு. ஆதரவு 196, எதிர்ப்பு 0. தீர்மானம் தோற்றது.

உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமியைப் பதவி நீக்கம் செய்யக் கோரிய தீர்மானம் அது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து, பின்னர் பஞ்சாப்–அரியானா தலைமை நீதிபதியானவர் அவர். சண்டிகரில் இருந்தபோது அரசு இல்லத்துக்கு மேசை நாற்காலி, கம்பளம் போன்றவை வாங்கியதில் பொதுப் பணத்தை வரம்பு மீறிச் செலவிட்டார் என்பதே முக்கியக் குற்றச்சாட்டு.

ஒரு பிரதமரை வீட்டுக்கு அனுப்ப ஒரே ஒரு வாக்கு போதும். 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று கவிழ்ந்தது. வாக்களித்தவர்களில் எந்தப் பக்கம் அதிகம் என்பது மட்டுமே அங்கே கணக்கு. நீதிபதியை நீக்க அது போதாது. அரசமைப்புச் சட்டத்தின் 124(4) பிரிவு இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது. வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். அதோடு, அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களும் ஆதரிக்க வேண்டும். ஒரே கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் இப்படி நிறைவேறினால்தான் குடியரசுத் தலைவர் நீக்க ஆணை பிறப்பிக்க முடியும்.

அன்று அவையில் இருந்தவர்கள் 401 பேர். காங்கிரசும் அதன் தோழமைக் கட்சிகளும் சேர்ந்து 205 பேர் வாக்களிக்கவில்லை. வாக்களித்த அத்தனை பேரும் ஆதரித்ததால் முதல் நிபந்தனை முழுமையாக நிறைவேறியது. ஆனால் 545 பேர் கொண்ட அவையில் பாதியைத் தாண்ட 273 வேண்டும். எதிர்த்து ஒருவரும் வாக்களிக்காமலே, சும்மா இருந்தவர்களால் தீர்மானம் வீழ்ந்தது.

வாக்கெடுப்பு வரை வந்து சேர்வதே நெடும்பாதை. மக்களவையில் 100 பேரோ மாநிலங்களவையில் 50 பேரோ கையெழுத்திட வேண்டும். அதை அவைத் தலைவர் ஏற்றால், 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூவர் குழு அமையும்: உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி ஒருவர், சட்ட அறிஞர் ஒருவர். குற்றச்சாட்டுகளை வகுத்து, சாட்சிகளை விசாரிப்பது இந்தக் குழுதான். ‘குற்றம் இல்லை’ என்று அது சொல்லிவிட்டால் விவகாரம் அங்கேயே முடிந்தது. நாடாளுமன்றம் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

ராமசாமி விவகாரத்தில் 1991-இல் கையெழுத்திட்டவர்கள் 108 பேர். சபாநாயகர் ரபி ராய் ஏற்றுக்கொண்ட மறுநாளே என்பதுபோல அந்த மக்களவை கலைந்துபோனது. அவை போனாலும் தீர்மானம் உயிரோடு இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி சாவந்த் தலைமையிலான குழு, 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணமானதாக அறிக்கை தந்தது.

அதன்பின் மக்களவையே நீதிமன்றமாயிற்று. சோம்நாத் சட்டர்ஜி தீர்மானத்தை முன்மொழிந்தார். அவையின் நுழைவாயிலருகே, சபாநாயகரைப் பார்த்தபடி அமைந்த தடுப்புக்குப் பின்னால் நின்று, நீதிபதிக்காக வழக்கறிஞர் கபில் சிபல் மணிக்கணக்கில் வாதாடினார்.

இந்தத் தடைகள் உயரமாக இருப்பது நியாயம் என்றே நினைக்கிறேன். அரசுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதும் கை நடுங்கக் கூடாது. தலைமைத் தேர்தல் ஆணையருக்கும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளருக்கும் இதே பாதுகாப்புதான். ஆனால் இரு தரப்பையும் கேட்டபின் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்ல மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குற்றமற்றவர் என்று நம்பினால் எதிர்த்து வாக்களித்திருக்கலாமே. கணக்கில் விளைவு ஒன்றுதான். ஆனால் நீதிபதிக்கும் நாட்டுக்கும் ஒரு பதில் கிடைத்திருக்கும். ராமசாமி 1994 பிப்ரவரியில் ஓய்வுபெறும் வரை பதவியில் இருந்தார்.

18 ஆண்டுகள் கழித்து மாநிலங்களவையில் ஒரு தீர்மானம் தடையைத் தாண்டியது. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி சௌமித்ர சென், வழக்கறிஞராக இருந்த காலத்தில் நீதிமன்றம் ஒப்படைத்த பணத்தைக் கையாடினார் என்பது குற்றச்சாட்டு. 2011 ஆகஸ்டில் அவர் அவைக்கு நேரில் வந்து தனக்காகத் தானே வாதாடினார். மறுநாள் 189 பேர் அவரை நீக்க வாக்களித்தனர். அடுத்து மக்களவை. அங்கே விவாதம் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, செப்டம்பர் 1 அன்று, அவர் ராஜினாமா செய்தார். பதவியில் இல்லாதவரை நீக்க முடியாதென்று மக்களவை அந்தத் தீர்மானத்தைக் கைவிட்டது.