கூடு விட்டுக் கூடு பாய்தல்

சித்தர் கதைகளிலே கூடு விட்டுக் கூடு பாயும் வித்தையைப் பற்றிப் படித்திருக்கிறோம். உயிர் ஒன்றே, அது குடியிருக்கும் உடல் மட்டுமே வேறு. இவ்வித்தையை இங்கிலாந்துத் தொழிலாளர் இரும்பிலே செய்து காட்டினர் என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும். ஆயினும், எம்.ஜீ.பி. என்னும் ஸ்போட்ஸ் காரின் வரலாறு ஏறக்குறைய அதுவேதான்.

ஒக்ஸ்போட்டுக்கு அண்மையிலுள்ள அபிங்டன் ஊரில் 1962 முதல் 1980 வரை இவ்வண்டிகள் ஆக்கப்பட்டன. அவற்றின் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. 1980 இல் ஆலை மூடப்பட்டது, வண்டிகளோ ஓடிக்கொண்டிருந்தன. குளிர்காலத்தில் பனியை உருக்குதற்பொருட்டு அந்நாட்டு வீதிகளில் உப்புத் தூவுவர். அவ்வுப்புநீர் கதவுகளின் கீழுள்ள பெட்டிபோன்ற தகட்டு விளிம்புகளுட் புகுந்து, உள்ளிருந்தே கறள் பிடிக்கச் செய்தது.

முன்னைய எம்.ஜீ.ஏ. வண்டியில் இரும்புச் சட்டம் வேறு, அதன்மேல் ஏற்றிய கூடு வேறு. எம்.ஜீ.பி.யிலோ தனிச் சட்டம் இல்லை. ஒன்றோடொன்று பற்றவைத்த தகடுகளாலான கூடே தோலும் எலும்புமாய் நின்று பாரத்தைத் தாங்குகிறது. விளிம்பு உக்கினால் முதுகெலும்பே தளர்ந்துவிடும். உரிய முட்டுக் கொடாமல் அதனை வெட்டினாற் கூடு தொய்யும். கதவு தன் வாயிலிற் பொருந்தாது.

இந்நிலையிலேதான் 1988 இல் பிரிட்டிஷ் மோட்டர் ஹெரிற்றேஜ் நிறுவனம் அரியதொரு பணியை ஆற்றியது. தகடுகளை அழுத்தி வார்ப்பதற்குப் பயன்பட்ட பழைய அச்சுகளைத் தேடித் திரட்டி, அவற்றைக்கொண்டே புதிய கூடுகளை ஆக்கி விற்கலாயிற்று. பழைய வண்டியின் எஞ்சின், கியர்ப் பெட்டி, அச்சாணி, சுக்கான், இருக்கை யாவும் ஒவ்வொன்றாய்ப் புதுக்கூட்டிற் குடிபுகுந்தன. 1992 இல் றோவர் நிறுவனம் இக்கூட்டையே அடிப்படையாகக்கொண்டு ஆர்.வி. 8 என்ற புதிய வண்டியையும் வெளியிட்டது.

இவ்வாறு புதுக்கூடு பெற்ற வண்டி பழைய வண்டிதானா? அன்று, அபிங்டன் தொழிலாளியின் கைபட்ட தகடு போய்விட்டதே என்று வருந்துவோர் உளர். அவர் வருத்தம் வெறும் பிடிவாதமன்று. பழம்பொருளின் வடுவும் அதன் வரலாற்றில் ஓர் ஏடு. எரித்த ஏட்டை மீண்டும் எழுத முடியாது. ஆதலின், காப்பாற்றக்கூடிய கூட்டை அவசரப்பட்டு வீசுதல் தகாது.

ஆனால், முற்றும் உக்கிய கூட்டைக் கட்டியழுவதாற் பயன் என்ன? ஓடுவதற்கென்று பிறந்த பொருள் ஓடாது கிடந்தால், அதன் பெயர் மட்டுமே எஞ்சும். அதே அச்சிற் பிறந்த புதிய கூடு போலியன்று. அதே குடியிற் பிறந்த இளவல் என்றே நான் கொள்வேன். ஒன்று மட்டும் வேண்டும்: கூடு மாறிய செய்தியை உடையவன் மறையாது எழுதிவைத்தல். வாங்குவோனிடம் அதனை ஒளித்தால், புதுப்பித்தல் என்ற நற்றொழில் வஞ்சகமாய் முடியும்.

இவ்வரலாற்றில் என் நெஞ்சைத் தொட்டது காரன்று, அச்சு. ஆலை மூடப்பட்டபின் பழைய இரும்பு விலைக்குப் போயிருக்கக்கூடிய பாரமான கருவிகள் அவை. யாரோ சிலர் அவற்றின் அருமையை அறிந்திருந்தமையால், ஆயிரமாயிரம் வண்டிகளுக்கு மறுவாழ்வு வாய்த்தது. செய்த பொருளைப் போற்றுவோர் பலர்; செய்யும் கருவியையும் செய்முறையையும் போற்றுவோர் சிலரே. பொருள் அழிந்தாலும் அச்சு இருந்தால் மீண்டும் பிறப்பிக்கலாம். அச்சும் அழிந்தால், எஞ்சுவது நினைவு மாத்திரமே.