பாதாளத்தில் வழி காணும் தொழில்

சென்ற விடுமுறையில் ஒரு நாள் மாலை, அயலூர்க் கமக்காரர் ஒருவர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு எமது இல்லத்திற்கு வந்தார். மகன் உயர்தர வகுப்பிற் கணிதப் பிரிவிற் பயின்று, பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருப்பவன். தந்தையின் கையில் வர்ணப் படங்களோடு கூடிய அறிவித்தல் ஒன்று இருந்தது. மூன்று மாதப் பயிற்சி. முடிந்ததும் திசைமுறைத் துளையிடற் பொறியியலாளர் என்ற சான்றிதழ். வெளிநாட்டு எண்ணெய் வயல்களில் உடனடி வேலை. கட்டணம் முழுவதும் முன்கூட்டியே செலுத்தப்படல் வேண்டும் என அதிற் கண்டிருந்தது.

“மாஸ்ரர், வெங்காயம் நடுகிற காணியை ஈடு வைச்சால் காசு சரிவரும். உங்களை ஒருக்கால் கேட்டுச் செய்வம் எண்டு வந்தனான்” என்றார் அவர்.

காணியை ஈடு வைப்பது விளையாட்டன்று. ஆகவே ஒரு வாரத் தவணை கேட்டு, இத்தொழிலைப் பற்றி இயன்றவரை படித்தறிந்த பின்னரே அவருக்கு விடை கூறினோம். அவ்விடை, இதே வினாவை நெஞ்சிற் சுமந்திருக்கும் ஏனைய பெற்றோருக்கும் மாணவருக்கும் பயன்படக்கூடும் எனக் கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

தொழில் யாது?

நம்மூரிற் கிணறு வெட்டுவோர் நேர் கீழாகவே வெட்டுவர். கிணறு கோணுமாயின் அது வெட்டியவரின் குற்றமாகும். எண்ணெய்க்காகத் துளையிட்டோரும் முற்காலத்தில் அவ்வாறே எண்ணினர். ஆயின், வேண்டுமென்றே, அளவறிந்து, குறித்த திசையிலே துளையைச் சாய்த்தும் வளைத்தும் கொண்டு செல்லும் கலை ஒன்று பின்னர் வளர்ந்தது. அதுவே திசைமுறைத் துளையிடல்.

1934ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்துக் கொன்றோ என்னும் இடத்தில், கட்டுக்கடங்காது பொங்கிய ஓர் எண்ணெய்க் கிணறு சுற்றியிருந்த நிலத்தையே விழுங்கிப் பெரும் பள்ளமாக்கியிருந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். அருகிற் செல்ல எவராலும் இயலவில்லை. அப்பொழுது ஜோன் ஈஸ்ட்மன் என்பவர், பாதுகாப்பான தொலைவில் வேறொரு துளையைத் தொடங்கி, நிலத்தடியில் அதனைச் சாய்த்துச் சென்று, பூதத்தை அதன் காலடியிலேயே அடக்கினார். அவ்வெற்றி இக்கலைக்கு உலகெங்கும் மதிப்பைத் தேடித் தந்தது.

கலை நன்று, கையாள்பவர் நெஞ்சு கோணினால் துளையும் கோணும். 1962ஆம் ஆண்டில் கிழக்கு ரெக்சாசில் நூற்றுக்கணக்கான கிணறுகள் களவாகச் சாய்க்கப்பட்டு, அயலவர் நிலத்தின் எண்ணெயை உறிஞ்சியமை வெளியாயிற்று. வேலியை ஓரடி தள்ளி அடைத்ததற்கே வழக்காடும் நமக்கு, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் எல்லை கடந்த இச்செய்தியின் கனத்தை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

நற்பயனுக்கும் உதாரணம் உண்டு. இங்கிலாந்தின் டோர்செற் பகுதியிலுள்ள விற்ச் பாம் எண்ணெய் வயலின் ஒரு பகுதி, பூல் துறைமுகத்தின் அடியிலும் கடலின் அடியிலும் கிடக்கின்றது. அதனை எடுக்கக் கடலிற் செயற்கைத் தீவொன்று அமைக்க எண்ணியிருந்தனர். அதனைக் கைவிட்டுக் கரையிலிருந்தே துளையைச் சாய்த்தனர். 1998ஆம் ஆண்டில் அங்குள்ள ஒரு கிணறு, ஏறத்தாழ 1.6 கிலோமீற்றர் ஆழத்தில், கிடையாக 10 கிலோமீற்றருக்கும் அப்பாற் சென்று எண்ணெயைத் தொட்டது. அழகிய கடற்கரையும் தப்பியது, செலவும் குறைந்தது.

காணாததை அளத்தல்

துளைமுனை கீழே பாறையை அரைக்கின்றது. அதன் மேலே, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9 மீற்றர் நீளமான உருக்குக் குழாய்கள் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு இறங்குகின்றன. குழாயினூடே பாரமான சேற்றுக் குழம்பு பம்பியினாற் செலுத்தப்படும். அது முனையைக் குளிர்வித்து, கற்றூளைச் சுமந்து, குழாய்க்கும் துளைச் சுவருக்கும் இடையே மேலேறும். கீழுள்ள எண்ணெயும் வாயுவும் சீறியெழாது அமுக்கி வைப்பதும் அச்சேற்றின் பாரமே.

முனைக்குச் சற்று மேலே, அச்சேற்றின் ஓட்டத்தினாலேயே சுழலும் மோட்டார் ஒன்றுண்டு. அதன் கூட்டிலே ஓரிரு பாகை வளைவு அமைந்திருக்கும். குழாய்த் தொடர் முழுவதையும் சுழற்றினால் துளை நேராகச் செல்லும். தொடரை நிறுத்தி மோட்டாரை மாத்திரம் சுழலவிட்டால், வளைவு நோக்கும் பக்கத்திற்குத் துளை திரும்பும். இவ்விரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து, மாலுமி சுக்கான் பிடிப்பதுபோல் வழி நடத்துவர். தொடர் சுழலும்போதே திருப்பவல்ல கருவிகளும் 1990கள் முதல் வழக்கத்திற்கு வந்துள்ளன.

ஆனால், முனை இப்பொழுது எங்கே நிற்கின்றது? இதுவே தொழிலின் உயிர்நிலையான வினா. புவியீர்ப்பை உணரும் கருவி சாய்வைச் சொல்லும். புவியின் காந்தப் புலத்தை உணரும் கருவி திசையைச் சொல்லும். அவ்வெண்கள் சேற்றோட்டத்திலே சிறு சிறு அமுக்கத் துடிப்புகளாக மேலே வருகின்றன. வைத்தியர் நாடி பிடித்து நோயறிவது போல, பொறியியலாளர் அத்துடிப்பைப் பிடித்து முனையின் இடத்தை அறிகின்றார்.

மாணவர்கள் ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். 30 மீற்றருக்கு 3 பாகை வீதம் துளையை வளைத்தால், நேர் கீழாகச் சென்ற துளை கிடையாவதற்கு 900 மீற்றர் தூரம் வேண்டும். அவ்வளைவின் ஆரை ஏறத்தாழ 573 மீற்றர். இனி, திசையில் 1 பாகை பிசகியதென்று கொள்வோம். 3,000 மீற்றர் சென்றதும் துளை ஏறத்தாழ 52 மீற்றர் விலகி நிற்கும். எண்ணெய்ப் படையோ சில இடங்களிற் சில மீற்றர் தடிப்பே உடையது. வகுப்பில் “இதனால் என்ன பயன்?” என்று நீங்கள் கேட்கும் திரிகோண கணிதத்தின் பயன் இதுவேயாம்.

பிழையின் விலை

2010ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆம் தேதி, மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொறைசன் என்னும் துளையிடு மேடை வெடித்துத் தீப்பற்றியது. பதினொரு தொழிலாளர் மாண்டனர். கிணற்றின் அமுக்கத்தைச் சோதித்தபோது கிடைத்த அளவீட்டைப் பிழையாகப் பொருள்கொண்டமை, பின்னர் விசாரணையிற் கண்டறியப்பட்ட காரணங்களுள் ஒன்று. கருவி பொய் சொல்லவில்லை. வாசித்தவர்கள் தாம் விரும்பிய பொருளை அதிற் கண்டனர்.

87 நாள்கள் எண்ணெய் கடலிற் கலந்தது. மேலே மூடியிட்டு ஓட்டத்தை நிறுத்திய பின்னரும், கிணற்றை அடியில் அடைக்க வேண்டியிருந்தது. அதற்கெனத் திசைமுறைத் துளை ஒன்று அனுப்பப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீற்றர் ஆழத்தில், ஓரடிக்கும் குறைந்த விட்டமுடைய குழாயை அது தேடிச் சென்றது. பாறையினூடே மின்னோட்டத்தைச் செலுத்த, அது உருக்குக் குழாயிற் சேர்ந்து காந்தப் புலத்தை உண்டாக்கும். அப்புலத்தை அளந்தே வழி கண்டனர். செப்டெம்பரில் துளை குழாயைத் தொட்டது. 19ஆம் தேதி கிணறு முற்றாக அடைபட்டதென அறிவிக்கப்பட்டது. இத்தகைய பொறுப்பை மூன்று மாதச் சான்றிதழை நம்பி எவர் ஒப்படைப்பர்?

ஏறும் படிகள்

முதற்படி, உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகமும் இரசாயனமும். அவற்றுள் கணிதமும் பௌதிகமும் ஐயந்திரிபறக் கைவரல் வேண்டும்.

இரண்டாவது, பல்கலைக்கழகப் பட்டம். பெற்றோலியப் பொறியியலே வேண்டுமென்பதில்லை. இயந்திரப் பொறியியல், சுரங்கப் பொறியியல், மின்பொறியியல், புவிச்சரிதவியல் ஆகியவற்றிற் பட்டம் பெற்றோரும் இத்தொழிலிற் புகுகின்றனர். நம் நாட்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் புவிவளப் பொறியியற் பிரிவு உண்டு. இந்தியாவில் தன்பாத் நகரில் 1926ஆம் ஆண்டு தொடங்கிய சுரங்கக் கல்விக்கூடம், 2016ஆம் ஆண்டில் இந்தியத் தொழினுட்பக் கழகங்களுள் ஒன்றாயிற்று; பெற்றோலியப் பொறியியல் அங்கு நெடுங்காலமாகக் கற்பிக்கப்படுகின்றது.

மூன்றாவது, தொழில் பழகுதல். எண்ணெய்க் கம்பனிகள் இவ்வேலையைப் பெரும்பாலும் துளையிடற் சேவை நிறுவனங்களிடமே ஒப்படைக்கின்றன. ஸ்லம்பேஜர், ஹலிபேர்ட்டன், பேக்கர் ஹியூஸ் என்பன அவற்றுட் பெயர் பெற்றவை. முன்னதன் பெயர் 2022இல் எஸ்.எல்.பி. என மாறியது. புதிதாகச் சேருபவர் முதலில் வகுப்பிலும் களத்திலும் பயிற்சி பெற்று, முனையின் சாய்வையும் திசையையும் அளக்கும் களப் பொறியியலாளராக அமர்வது வழக்கம். சில ஆண்டுகள் அளந்து அளந்து கை பழகிய பின்னரே துளையை நடத்தும் பொறுப்பு வரும். பின்னர் அலுவலகத்திலிருந்து புதிய கிணறுகளின் பாதையை வகுக்கும் பதவிக்கும் உயரலாம்.

பட்டம் இல்லாதோர்க்கும் வழி முற்றாக அடைபடவில்லை. துளையிடு மேடையிற் குழாய் தூக்கும் கூலியாளராகத் தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏறி, இவ்வேலையை அடைந்தோரும் உளர். அதுவும் ஆண்டுக்கணக்கான உழைப்பே, மாதக்கணக்கான வித்தையன்று.

சான்றிதழ்களும் உண்டு என்பது மெய். கிணற்றைக் கட்டுப்படுத்தும் முறை பற்றிய சர்வதேசச் சான்றிதழ், கடலில் உயிர் தப்பும் பயிற்சி, நீரில் வீழ்ந்த ஹெலிகொப்டரிலிருந்து வெளியேறும் பயிற்சி என்பன அவை. இவை குறித்த காலத்திற்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியவை. வேலைக்கு எடுத்த நிறுவனமே பெரும்பாலும் இச்செலவை ஏற்கும். வேலையின்றிச் சான்றிதழை முதலில் வாங்குவது, மாடு வாங்குமுன் மணி வாங்குவது போலாகும்.

வாழ்வும் சந்தையும்

ஊதியம் உயர்ந்ததே; அதற்கு ஈடாகக் கொடுப்பதும் உண்டு. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. இரவும் பகலும் மாறி வரும். பாலைவனத்திலோ கடல் நடுவிலோ வாரக்கணக்கிற் தங்கி, பின் வாரக்கணக்கில் ஓய்வு பெறுவர். ஊர்த் திருவிழாவும் குழந்தையின் முதற் பிறந்தநாளும் அங்கிருந்தே கழிந்து போகக்கூடும். பெண்களும் இன்று இக்களத்திற் பணியாற்றுகின்றனர்.

எண்ணெய் விலையோடு வேலையும் ஏறி இறங்கும். 2014ஆம் ஆண்டு நடுப்பகுதியில் பீப்பாய் ஒன்று 100 டொலருக்கு மேல் விற்றது. 2016ஆம் ஆண்டு தொடக்கத்தில் 30 டொலருக்கும் கீழ் இறங்கியது. உலகெங்கும் பல்லாயிரவர் வேலை இழந்தனர். 2020 ஏப்பிரல் 20ஆம் தேதி அமெரிக்க எண்ணெயின் முன்பேர விலை பூச்சியத்திற்கும் கீழே சென்றது. நம் மன்னார்க் கடலிலும் 2011ஆம் ஆண்டில் துளையிட்டு இயற்கை வாயு இருப்பதைக் கண்டனர். ஆயினும் வாயு இருப்பது தெரிந்தவுடன் வேலையும் வந்துவிடுவதில்லை.

இதற்கு மருந்து, அடிப்படைக் கல்வி அகலமாயிருத்தல். திசைமுறைத் துளையிடல் எண்ணெய்க்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவின் யூற்றா மாநிலத்தில், புவியின் வெப்பத்திலிருந்து மின்சாரம் பெறும் ஆய்வுக்காக, 2020ஆம் ஆண்டில் தொடங்கிய கிணறொன்று சூடான கருங்கற் பாறையினூடே 65 பாகை சாய்வில் இறக்கப்பட்டது. ஆற்றுக்கு அடியிற் குழாய் பதிக்கவும் இக்கலையின் கிளையொன்று உதவுகின்றது. அடிப்படை அறிந்தவன் ஒரு வயல் வற்றினால் மறு வயலுக்குச் செல்வான்.

மீண்டும் அத் தந்தையும் மகனும்

ஒரு வாரத்தின் பின் இருவரும் வந்தபொழுது இவற்றையெல்லாம் கூறினோம். பின்னர் மகனிடம் ஒரு தாளைக் கொடுத்து, “தம்பி, வடக்கிலிருந்து கிழக்காக 40 பாகைத் திசையில், 3,000 மீற்றர் தூரத்தில் ஓரிடம் உண்டு. துளை எங்கே போய்ச் சேர வேண்டும் என்று கணித்துத் தா” என்றோம்.

அவன் பென்சிலை எடுத்தான், எழுதவில்லை. சற்று யோசித்துவிட்டு, “சேர், இது திசையறி கருவி காட்டுற வடக்கோ, மெய்யான வடக்கோ?” என்று கேட்டான்.

காந்த ஊசி காட்டும் வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல. அவற்றின் வேறுபாடு இடத்துக்கு இடமும் ஆண்டுக்கு ஆண்டும் மாறும். அதனைத் திருத்தாது துளையிட்டோன் வேறெங்கோ போய்ச் சேர்வான். இதனை நாம் அவனுக்குக் கூறியிருக்கவில்லை.

தந்தையிடம் நாம் சொன்னது இதுதான்: “பிள்ளைக்கு இத்தொழிலுக்கு வேண்டிய மூளை உண்டு. ஆனபடியால்தான் இந்த மூன்று மாதப் படிப்பு வேண்டாம் என்கிறேன். பெறுபேறு வரட்டும். பல்கலைக்கழகம் கிடைத்தால் நாலு வருஷம் படிக்கட்டும். கிடைக்காவிட்டால் இன்னொருமுறை எழுதட்டும். காணி காணியாய்க் கிடக்கட்டும்.”

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு அறிவித்தலை நாலாக மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, “அப்ப வாற கிழமை வெங்காயம் நடப் பாப்பம்” என்று எழுந்தார். மகன் அந்தக் கணக்குத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.