ஒரே வேனில் இரண்டு நேர்த்திக்கடன்



நேர்த்திக்கடனைத் தள்ளிப்போடக் கூடாது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். நானோ ஒரு நேர்த்தியை ஏறக்குறைய இருபது வருடங்கள் தள்ளிப்போட்டவள். அதைச் செலுத்த 2024 ஆம் ஆண்டு மே மாதத்தில் கதிர்காமம் போய்வந்தேன். என்னோடு இன்னொருவரும் தமது நேர்த்தியைச் செலுத்த வந்தார். நான் முருகனுக்கு நேர்ந்தவள். அவர் கதிர்காமப் பள்ளிவாசலுக்கு நேர்ந்தவர்.

கடல் பொங்கிய காலை

நான் காரைதீவைச் சேர்ந்தவள். எங்கள் ஊரை ஒட்டினாற்போல் இருப்பது மாளிகைக்காடு என்னும் முஸ்லிம் கிராமம். அங்கே கடற்கரைப் பக்கமாக இருந்த ஒரு குடும்பத்துடன் எங்களுக்கு நெடுநாள் பழக்கம். அந்த வீட்டுப் பெண்ணை நான் ராத்தா என்றும், அவரது கணவரைக் காக்கா என்றும் அழைப்பேன். ராத்தா தைத்துத் தரும் சட்டைகளைத்தான் என் மகள் போட்டு வளர்ந்தாள்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. போயா தினமும்கூட. காலை ஒன்பது மணியளவில் கடல் ஊருக்குள் வந்தபோது மூன்று வயது மகள் என் இடுப்பில் இருந்தாள். இரண்டாவது அலையில் அவளை இழந்தேன். பிறகு என்ன நடந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. பிரதான வீதியில் யாரோ என்னைப் பிடித்து இருத்தியதும், "முருகா, என் பிள்ளையைத் தா, கதிர்காமத்துக்குக் கூட்டிவந்து ஆற்றில் முழுக வைத்துப் பழத்தட்டு வைக்கிறேன்" என்று கத்தியதும் மட்டும் நினைவிருக்கிறது.

மத்தியானம் காக்கா வந்தார். அவர் தோளில் என் மகள் இருந்தாள். வேலிக் கம்பியில் சிக்கியிருந்தவளை எடுத்து, கழுத்தளவு தண்ணீரில் நடந்து வந்திருக்கிறார். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைப் பறித்த அந்த நாளில் எனக்கு என் பிள்ளை திரும்பக் கிடைத்தாள்.

அன்றிரவு பாடசாலை முகாமில் ராத்தா என் பக்கத்தில் படுத்திருந்தார். "நானும் நேர்ந்திருக்கன் தங்கச்சி. என்ட மனிசனும் உன்ட புள்ளயும் உசிரோட வந்தா, கதிர்காமப் பள்ளிக்கு ஒரு மூட்டை அரிசி" என்றார். தன் கணவருக்காக நேர்ந்தபோது என் பிள்ளையையும் சேர்த்து நேர்ந்த மனம் அது. இருவரும் ஒன்றாகவே போவோம் என்று அன்றே பேசிக்கொண்டோம்.

தள்ளிப்போன வருடங்கள்

முதலில் வீடு கட்ட வேண்டியிருந்தது. பிறகு யுத்தம். 2009க்குப் பிறகு பாதை திறந்தது, ஆனால் கையில் காசில்லை. 2016 இல் காக்கா மாரடைப்பால் மௌத்தானார். தன் பெயரால் நேர்ந்த அரிசி போய்ச் சேராமலே அவர் போய்விட்டாரே என்பது ராத்தாவுக்குப் பெரிய கவலை.

அதற்கடுத்து 2019. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நடந்த ஐந்தாம் நாள், ஏப்ரல் 26 ஆம் திகதி இரவு, எங்களுக்கு மிக அருகிலுள்ள சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் குண்டுகள் வெடித்தன. சிறுபிள்ளைகளும் அங்கே இறந்தார்கள். அந்த வீட்டில் வந்திருந்த அந்நியர்களைப் பற்றித் தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் முஸ்லிம் மக்களேதான். ஆனாலும் சந்தேகம் எல்லோர் மேலும் விழுந்தது. நானும் ராத்தா வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை, நானாகவே குறைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் இந்தக் கட்டுரைக்குப் பொருளில்லை.

சென்ற வருடம் தன் கலியாணப் பேச்சு எழுந்தபோது மகள்தான் கேட்டாள்: "அம்மா, என்னைக் காப்பாத்தினவருக்கு நேர்ந்த நேர்த்தி என்னாச்சு?" அன்று பின்னேரமே ராத்தா வீட்டுக்குப் போனேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. "எப்ப போற?" என்று மட்டும் கேட்டார்.

இரு வீட்டிலும் எதிர்ப்பு இருந்தது. அடக்கத்தலங்களுக்குப் போய் நேர்ச்சை செலுத்துவது மார்க்கத்தில் சரியல்ல என்பது ராத்தாவின் மகனுடைய கருத்து. முஸ்லிம்களிடையே பலர் இன்று அவ்வாறுதான் சொல்கிறார்கள். "கோயிலுக்குப் போகிற வேனில் அவர்கள் எதற்கு?" என்றார் என் அண்ணன். இரண்டு பேரையும் சமாளித்துவிட்டு, எங்கள் மாதர் சங்கப் பெண்கள் சிலருடன் ஒரு சனிக்கிழமை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு புறப்பட்டோம்.

காட்டு வழியே

பாதயாத்திரை செல்வோர் திருக்கோவில், பொத்துவில், உகந்தை வழியாகக் குமண, யால காடுகளைக் கால்நடையாகக் கடப்பார்கள். யாழ்ப்பாணம் தொண்டைமானாறு செல்வச் சந்நிதியிலிருந்தே நடந்து வருவோரும் உண்டு. அவர்களில் பெண்கள், அதிலும் வயது போனவர்கள், ஏராளம். வாகனத்தில் போகும் நாங்கள் பொத்துவிலில் திரும்பி லகுகல, சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தல என்று சென்றோம். புத்தலையிலிருந்து கதிர்காமம் வரையுள்ள வீதி காட்டை ஊடறுத்துப் போகிறது. யானைகள் வீதியோரத்தில் வந்து வாகனங்களை மறித்து உணவு கேட்கின்றன. நாங்கள் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு மெதுவாகக் கடந்தோம்.

வழியில் ஒரு தேநீர்க் கடையில் இறங்கினோம். கடைக்காரர் எங்கள் எல்லோரிடமும் என்ன வேண்டும் என்று கேட்டார். ஹபாயாவுடன் இருந்த ராத்தாவிடம் மட்டும் கேட்காமல் திரும்பிவிட்டார். நான் அதைக் கண்டேன். வாய் திறக்கவில்லை. மகள்தான் எழும்பி, "அண்ணே, இவங்களுக்கும் ஒரு பிளேன்டீ" என்றாள். ராத்தா குடித்துவிட்டு, எல்லோருக்குமாகத் தானே காசைக் கொடுத்தார்.

மாணிக்க கங்கைக் கரையில்

கதிர்காமத்தின் அழகே மாணிக்க கங்கைதான். இரு கரையிலும் பெரிய மருத மரங்கள் நிழல் தருகின்றன. ஆற்றில் முழுகிவிட்டுத்தான் சந்நிதிக்குப் போகவேண்டும் என்பது வழக்கம். சிங்களக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் ஒரே துறையில் நீராடுகின்றன. என் மகளைப் பிடித்து மூன்று முறை முழுக வைத்தேன். இருபத்திரண்டு வயதுப் பெண் தண்ணீருக்குள் போன ஒவ்வொரு தடவையும் என் கை அவளை விடவில்லை. சற்று மேலே, படியில் குந்தியிருந்து, அதே தண்ணீரில் ராத்தா வுழு எடுத்தார்.

பள்ளிவாசல் முற்றத்தில்

ஆற்றைத் தாண்டினால் புனித பூமி. ஒரு நீண்ட வீதியின் ஒரு முனையில் கதிர்காமக் கந்தனின் சந்நிதி, மறுமுனையில் வள்ளியம்மன் கோயில். ஆடித் திருவிழாவில் ஒவ்வோர் இரவும் யந்திரப் பேழை யானை மீது சந்நிதியிலிருந்து வள்ளியம்மன் கோயிலுக்குப் போய்வருவது இந்த வீதியால்தான். அந்த வள்ளியம்மன் கோயிலுக்குப் பக்கத்திலேயே பள்ளிவாசல் இருக்கிறது.

மூஸா நபியுடன் பயணித்தவராகக் கருதப்படும் ஹிழ்ர் நபியுடன் இவ்விடத்தைத் தொடர்புபடுத்துவது முஸ்லிம் பெரியவர்களின் மரபு. ஜீவநீர் ஊற்று இங்கே இருந்ததாகவும் சொல்வார்கள். பாவாக்கள் சிலரின் அடக்கத்தலங்களும் உள்ளன. திருவிழாக் காலத்தில் இந்தப் பள்ளிவாசலிலும் கொடியேறும்.

ராத்தா லுஹர் தொழ உள்ளே போனார். நான் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு முற்றத்தில் நின்றேன். அவரது செருப்பும் கைப்பையும் என் கையில். அரிசி மூட்டையை மகளும் இன்னொரு பெண்ணும் தூக்கிவந்து கொடுத்தார்கள். "யார் பேருல?" என்று உள்ளிருந்தவர் கேட்டபோது ராத்தா காக்காவின் பெயரைச் சொன்னார். பிறகு என் மகளைக் காட்டி, "இந்தப் புள்ள பேரையும் சேத்துக்குங்க" என்றார். துஆ ஓதினார்கள். நான் ஆமீன் சொல்லவில்லை, அது என் வழக்கமல்ல. ஆனால் கைகூப்பி நின்றேன். யாரும் அதைக் குறையாக எடுக்கவில்லை.

தாமரை விற்கும் பாதை

பிற்பகல் கிரி வெஹெரவுக்கு நடந்தோம். சந்நிதிக்குப் பின்னால் செல்லும் பாதையில் தாமரைப் பூ விற்பார்கள். புத்தர் பாதம் பட்டதாகப் பௌத்தர்கள் நம்பும் இந்தத் தாதுகோபம், இலங்கையின் பதினாறு பெரும் வணக்கத்தலங்களில் ஒன்று. அநுராதபுரத்து மகாபோதியிலிருந்து முளைத்த முதல் எட்டுக் கன்றுகளில் ஒன்று கதிர்காமத்தில் நாட்டப்பட்டதாக மகாவம்சம் கூறுகிறது.

வெயிலில் கொதித்த கல்தரையில் செருப்பில்லாமல் துள்ளித்துள்ளி நடந்த எங்களைப் பார்த்து, வெள்ளை உடுத்த ஒரு வயதான சிங்கள அம்மா சிரித்தார். தன் தட்டிலிருந்து எனக்கும் மகளுக்கும் தாமரை மொட்டுகள் தந்தார். ராத்தாவைப் பார்த்துச் சற்றுத் தயங்கினார். பிறகு அவருக்கும் ஒன்றை நீட்டினார். ராத்தா "ஸ்தூதியி" என்று வாங்கி, என் மகளிடம் கொடுத்து வைக்கச் சொன்னார். தான் வைக்கவில்லை. தந்தவரின் மனமும் நோகவில்லை, தன் மார்க்கத்துக்கும் பிசகவில்லை. இந்தப் பக்குவத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

திரைக்கு முன்னால்

மாலைப் பூசைக்குப் பழத்தட்டுடன் வரிசையில் நின்றேன். முதன்முதலாகப் போகிறவர்களுக்குக் கதிர்காமச் சந்நிதி வியப்பாக இருக்கும். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம் இது. ஆனால் கோபுரம் இல்லை, கண்ணுக்குத் தெரியும் மூலவிக்கிரகம் இல்லை. முருகன் தேவியர் இருவருடன் மயில்மேல் இருக்கும் ஓவியம் தீட்டிய திரை மட்டுமே உண்டு. கப்புறாளைமார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்கிறார்கள். அருகிலுள்ள தெய்வானையம்மன் கோயிலில் பூசை நமது முறைப்படி நடக்கிறது.

இங்கே பெண்களுக்கும் ஓர் இடமுண்டு. ஆலத்தி அம்மாமார் எனப்படும் பெண்கள் பரம்பரையாக விளக்கேந்தி ஆலத்தி எடுக்கும் உரிமை உடையவர்கள். வேடர்குலத்து வள்ளியின் உறவுமுறையினர் என அவர்களைச் சொல்வார்கள்.

மணிகள் ஒலித்தன. எனக்குப் பக்கத்தில் நின்ற சிங்களப் பெண்கள் "ஹரோ ஹரா" என்றார்கள், நாங்கள் "அரோகரா" என்றோம். தட்டு பாதிப் பழங்களுடன் திரும்பி வந்தது. இருபது வருடப் பாரம் இறங்கியது.

வெளியே வந்தபோது, தேங்காய் உடைக்கும் இடத்துக்கு அப்பால் ராத்தா நின்றிருந்தார். என் செருப்பு, மகளின் செருப்பு, மற்றப் பெண்களின் செருப்புகள், பைகள் எல்லாம் அவர் காலடியில். "வெச்சிட்டியா?" என்றார். "வெச்சிட்டன் ராத்தா" என்றேன். அப்போதுதான் தேநீர்க் கடையில் பேசாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "நீ கண்டாய் எண்டு எனக்குத் தெரியும். அடுத்தமுற பேசு" என்றார்.

மறுநாள் காலை, சில கிலோமீற்றர் தூரத்தில் அதே ஆற்றங்கரையிலுள்ள செல்லக் கதிர்காமத்துப் பிள்ளையாரையும், திரும்பும் முன் திஸ்ஸமகாராமைத் தாதுகோபத்தையும் பார்த்தோம்.

போக விரும்பும் சகோதரிகளுக்கு

கூட்டமின்றி ஆறுதலாகப் பார்க்க விரும்பினால் ஆடித் திருவிழாவையும் போயா தினங்களையும் தவிர்த்துச் செல்லுங்கள். தோளையும் முழங்காலையும் மூடும் வெளிர்நிற உடைகள் எல்லா இடத்துக்கும் பொருந்தும். பள்ளிவாசலுக்குத் தலையை மூட ஒரு துணி வேண்டும். கிரி வெஹெரவுக்கு வெயில் ஏறுமுன் அல்லது தாழ்ந்தபின் போனால் பாதம் சுடாது. மச்ச மாமிசத்தை வீட்டிலேயே நிறுத்திவிட்டுப் புறப்படுங்கள்.

முடிந்தால் வேற்று மதத்துச் சிநேகிதி ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள். அவர் உங்கள் கடவுளைக் கும்பிட வேண்டியதில்லை, நீங்கள் அவருடையதை ஓத வேண்டியதில்லை. அவர் உள்ளே போயிருக்கும் நேரம் அவரது செருப்பைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வெளியே நின்றால் போதும். வழியில் அவருக்கு யாராவது தேநீர் தர மறுத்தால் வாய் திறந்து கேளுங்கள்.

என் மகளுக்கு வரும் தையில் கலியாணம். சட்டைத் துணியை ராத்தாவிடம் கொடுத்திருக்கிறோம்.