மன்னிப்புப் பெற்றவன் வீடு

திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கற்பட்டுக்கு நாள்தோறும் பேருந்தில் வந்து செல்பவன் நான். ஒருநாள், வாய்தாவுக்காக நீதிமன்றம் செல்லும் இருவர் எனக்கு முன் இருக்கையில் பேசிக்கொண்டு வந்தனர். “அப்ரூவர் ஆயிட்டா அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம்ணே” என்றார் இளையவர். “அவன் வந்துடுவான், அவன் பொண்டாட்டி புள்ளைங்க தெருவுல நடக்க முடியுமா?” என்றார் பெரியவர். முதற்கூற்று தவறு, இரண்டாவது உண்மை. இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குற்றத்தில் தாமும் பங்கு கொண்டு, பின்னர் நீதிமன்றத்தின் மன்னிப்பைப் பெற்று, அரசு தரப்புச் சாட்சியாக மாறியவரே அப்ரூவர். கூட்டமாகச் செய்யும் குற்றத்தை வெளியார் கண்டிருப்பது அரிது. கண்டவரும் அஞ்சி வாய் திறவார். ஆகவே, சட்டம் அக்கூட்டத்துள் ஒருவரையே நாடுகிறது.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆறு கொலைகள் தொடர்பான ஆட்டோ சங்கர் வழக்கு நம் செங்கற்பட்டு அமர்வு நீதிமன்றத்தில்தான் நடைபெற்றது. அக்கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் அப்ரூவராகிச் சாட்சியம் அளித்தார். 1991 மே 31இல் சங்கருக்கும் கூட்டாளிகள் இருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1995 ஏப்ரல் 27இல் சங்கர் சேலம் மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

மன்னிப்பு இலவசமன்று. தாம் அறிந்த அனைத்தையும் ஒளிக்காமல் கூற வேண்டும். பொய்யுரைத்தால் பழைய குற்றத்திற்கே விசாரணைக்கு உள்ளாவார். ஏற்கெனவே ஜாமீனில் இல்லாதவர் வழக்கு முடியும்வரை சிறையில்தான் இருப்பார். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தில் 343ஆம் பிரிவாக உள்ளது. பழைய கூட்டாளிகளின் சினத்திலிருந்து அவரைக் காப்பதே இக்காவலின் முதன்மை நோக்கம் என 1994இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

அவரைச் சிறைச்சுவர் காக்கும். அவர் குடும்பத்தைக் காப்பது யார்? இத்தாலியின் சிசிலித் தீவில் சாந்தினோ டி மத்தேயோ என்பவர் மாஃபியாவின் இரகசியங்களை அரசிடம் வெளியிட்டார். 1993 நவம்பரில் அவருடைய 12 வயது மகனைக் கடத்தினர். ஈராண்டுகளுக்கு மேல் அடைத்து வைத்து, 1996 ஜனவரியில் அச்சிறுவனைக் கொன்றனர். தந்தையின் வாயை அடைக்க மகன் பலியானான்!

நம் நாட்டில் 2018 டிசம்பர் 5இல் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. காவல்துறை அச்சுறுத்தலை ஆராய்ந்து அறிக்கை தர, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு முடிவு செய்யும். காவல், இடமாற்றம், தேவைப்படின் புதிய அடையாளம் ஆகியவை குடும்பத்தினருக்கும் உண்டு.

திட்டம் உயிரைக் காக்கலாம், ஊர்ப்பேச்சிலிருந்து காக்குமா? பள்ளியில் என்னுடன் படித்த ஒருவனின் தந்தை, ஒரு கொள்ளை வழக்கில் அப்ரூவர். “காட்டிக்கொடுத்தவன் மகன்” என்று அவனை அழைத்துச் சிரித்தவர்களுள் நானும் ஒருவன். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் அவன் பள்ளிக்கு வரவில்லை. அவன் தந்தை கொள்ளையடித்ததற்காக அவனை எவரும் பழித்ததில்லை. உண்மையைச் சொன்னதற்காகவே பழித்தோம். எவ்வளவு பெரிய பிழை அது!

நண்பர்களே! தந்தைக்கு நீதிமன்றம் மன்னிப்பளித்துவிட்டது. எக்குற்றமும் செய்யாத பிள்ளைக்கோ மன்னிப்பே தேவையில்லை. அவன் அருகில் அமர ஒரு தோழன் போதும். அன்று நான் அமரவில்லை. இனி நீங்களேனும் அமருங்கள்.