சீக்கியர் வழிபாட்டுக்கும் இறுதிச் சடங்குக்கும் செண்டுமல்லி: நாள் கணக்கிட்டு நட்டால் பலன் உண்டு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஏரிப் பாய்ச்சலில் நெல் விளைந்த பல வயல்கள் இன்று தொழிற்பேட்டைகளாகி விட்டன. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு கார் உற்பத்தி தொடங்கியது முதல் இந்த மாற்றம் வேகமாக நடந்து வருகிறது. சிறு விவசாயிகளின் கையில் மிஞ்சியிருப்பது அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் துண்டு நிலமும் ஒரு கிணறும்தான். இத்தகைய நிலத்துக்கு ஏற்றது பூச்சாகுபடி.

ஆனால் பூவில் ஒரு தொல்லை உண்டு. ஆயுத பூஜைக்கென்று எல்லோரும் ஒரே சமயத்தில் பறித்துக் கோயம்பேட்டில் குவித்தால் விலை சரிந்து விடும். பறிகூலி கூடத் தேறாமல் போவதும் உண்டு. ஆகவே நம் ஊர்ப் பண்டிகைகளோடு பிறர் பண்டிகைகளையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அவற்றில் ஒன்று சீக்கியர்களின் வழிபாடு.

பூவுக்கு என்ன இடம்?

சென்னை தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையில் சீக்கியர்களின் குருத்வாரா உள்ளது. சீக்கியர்கள் உருவ வழிபாடு செய்வதில்லை. அவர்களுடைய வேத நூலான குரு கிரந்த சாகிபையே குருவாகப் போற்றுகிறார்கள். திருநாட்களில் அந்த நூல் வைக்கப்படும் பீடத்தையும் விதானத்தையும், ஊர்வலமாக எடுத்துச் செல்லும் வண்டியையும் பூவால் அலங்கரிப்பது வழக்கம். செண்டுமல்லியும் ரோஜாவும் இதற்கு அதிகம் பயன்படுகின்றன. வடநாட்டார் கேந்தா என்பதும் நம்மவர் கேந்தி என்பதும் இந்தச் செண்டுமல்லியைத்தான்.

சீக்கியர் இறுதிச் சடங்கில் பிரார்த்தனையே முக்கியம். உடலை நீராட்டித் தூய ஆடை உடுத்தி, பாடல்கள் ஓதித் தகனம் செய்கிறார்கள். ஓலமிட்டு அழுவதை அவர்களுடைய ஒழுக்க நெறி ஏற்பதில்லை. பிறகு வேத நூலை முதலிலிருந்து கடைசி வரை வாசித்து நிறைவு செய்கிறார்கள். இதில் பூ கட்டாயமில்லை. அன்பின் அடையாளமாகவே மாலையும் உதிரிப்பூவும் சாத்தப்படுகின்றன. முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங்குக்கு 2024 டிசம்பர் 28 அன்று டில்லி நிகம்போத் காட்டில் சீக்கிய முறைப்படி இறுதிச் சடங்கு நடந்தபோது, மலர்களால் அலங்கரித்த வண்டியில்தான் அவரது உடல் கொண்டு செல்லப்பட்டது.

தகனத்துக்குப் பின் எஞ்சும் எலும்பைப் பஞ்சாபியர் 'பூ' என்றே சொல்கிறார்கள். அதைச் சேகரிப்பதற்குப் 'பூப் பொறுக்குதல்' என்று பெயர். குருநானக் 1539இல் கர்த்தார்பூரில் மறைந்ததைப் பற்றியும் ஒரு வரலாறு சொல்வார்கள். அவர் உடலை எரிப்பதா, புதைப்பதா என்று இந்துக்களும் முஸ்லிம்களும் வாதிட்டனர். 'இரு பக்கமும் பூ வையுங்கள். யாருடைய பூ வாடாதிருக்கிறதோ அவர்கள் விருப்பப்படி நடக்கட்டும்' என்று குரு முன்பே சொல்லியிருந்தாராம். மறுநாள் போர்வையை விலக்கினால் உடல் இல்லை. இரு பக்கத்துப் பூவும் வாடாமல் இருந்தன என்பது நம்பிக்கை.

எந்த நாளுக்கு எப்போது விதைப்பது?

குருநானக் பிறந்த நாள் கார்த்திகை மாதப் பௌர்ணமியை ஒட்டி, பெரும்பாலும் நவம்பரில் வரும். நம் தீபத் திருநாளும் அதை அடுத்தே வருவதால் அப்போது பூவுக்குத் தேவை கூடும். வைசாகி திருநாள் ஏப்ரல் 13 அல்லது 14இல், நம் சித்திரை முதல் நாளை ஒட்டி வரும். குரு கோவிந்த் சிங் பிறந்த நாள் மார்கழி, தை வாக்கில் வரும்.

செண்டுமல்லி நாற்று 30 நாளில் நடவுக்குத் தயாராகும். நட்ட 60 நாளில் பூ பறிக்கலாம். ஆக விதைத்த மூன்று மாதத்தில் பலன் கிடைக்கும். நவம்பர் பூவுக்கு ஆடியின் பிற்பகுதியில் விதைக்க வேண்டும். சித்திரைப் பூவுக்குப் பொங்கல் சமயத்தில் விதைக்க வேண்டும். நுனி கிள்ளினால் பூப்பது சற்றுத் தாமதமாகும் என்பதால் பத்து நாள் முன்னதாகவே விதைப்பது நல்லது.

சாகுபடி முறை

ஏக்கருக்கு 600 கிராம் விதை போதும். நிலத்தை நன்கு உழுது 10 டன் தொழு உரம் இட்டுப் பார் பிடிக்க வேண்டும். பாருக்குப் பார் 45 செ.மீ., செடிக்குச் செடி 35 செ.மீ. இடைவெளி விட்டால் சுமார் 25 ஆயிரம் செடிகள் பிடிக்கும். அடியுரமாகத் தழைச்சத்து 18 கிலோ, மணிச்சத்து 36 கிலோ, சாம்பல் சத்து 30 கிலோ இட வேண்டும். நட்ட 45ஆம் நாள் மேலும் 18 கிலோ தழைச்சத்து இட்டு மண் அணைக்க வேண்டும். நட்ட 30ஆம் நாள் நுனிக் கொழுந்தைக் கிள்ளி விட்டால் பக்கக் கிளைகள் வெடித்துப் பூ அதிகரிக்கும்.

மூன்று நாளுக்கு ஒருமுறை பறிக்கலாம். நல்ல பராமரிப்பில் ஏக்கருக்கு 7 டன் வரை மகசூல் எடுக்கலாம். செண்டுமல்லியின் வேர் நூற்புழுவைக் கட்டுப்படுத்துவதால் அடுத்து வரும் கத்தரி, தக்காளிக்கும் நன்மை உண்டு.

நவம்பர்ப் பூவுக்குப் பெரிய எதிரி வடகிழக்குப் பருவமழை. இரண்டு நாள் தண்ணீர் தேங்கினாலே வேர் அழுகி விடும். ஏரிக்குக் கீழே உள்ள பள்ளக் காலில் இந்தப் பட்டத்துக்கு நடவே கூடாது. மேட்டு நிலத்தில் உயரமான பார் அமைத்து, வயலைச் சுற்றி வடிகால் எடுக்க வேண்டும். கோடைப் பூவில் சிவப்புச் சிலந்தி வரும். இலையின் அடிப்புறத்தை அடிக்கடி பார்த்து வர வேண்டும்.

விற்பனையில் கவனிக்க வேண்டியவை

சென்னையில் சீக்கியர்களின் எண்ணிக்கை குறைவு. அவர்களை மட்டும் நம்பி ஒரு ஏக்கர் முழுவதும் நடுவது சரியன்று. கோயில், திருமணம், கடைத்தெரு ஆகிய வழக்கமான விற்பனையோடு இதையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். சாவு நாள் பார்த்து வருவதில்லை. எனவே ஆண்டு முழுவதும் பூ இருக்க, நிலத்தை மூன்றாகப் பிரித்து மாதத்துக்கு ஒரு பகுதியாக நடலாம். இறுதிச் சடங்குக்கு மாலை கேட்டு வருவோர் விலை பேசும் நிலையில் இருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் நியாய விலையில் புதுப்பூ கொடுத்தவரை அந்தக் குடும்பம் மறக்காது.

பூவை அதிகாலையில் பறித்து, மூங்கில் கூடையில் ஈரச் சாக்கு போர்த்தி அனுப்ப வேண்டும். குருத்வாராவுக்குப் பூ கொண்டு செல்பவர் செருப்பைக் கழற்றி, கை கால் கழுவி, தலையில் துணி கட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். பீடி, சிகரெட், புகையிலை எதுவும் மடியில் கூட இருக்கக் கூடாது. சீக்கிய நெறியில் புகையிலைக்கு முற்றிலும் தடை உண்டு.

விதைப்பதற்கு முன் பஞ்சாங்கத்தைப் பார்த்து, வேண்டிய நாளிலிருந்து நூறு நாளைப் பின்னோக்கி எண்ணிக் கொள்ளுங்கள். வாங்குவோரிடம் ஒரு மாதம் முன்பே பேசி வையுங்கள். விதை, நாற்று பற்றிய விவரங்களுக்கு அருகிலுள்ள தோட்டக்கலைத் துறை அலுவலரை அணுகலாம்.