ரிப்போர்ட்டில் ஒரு தடித்த எழுத்து

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் தேடுவது தடித்த எழுத்தைத்தான். பக்கத்தில் நட்சத்திரக் குறியும் இருந்துவிட்டால், டாக்டரைப் பார்க்கும்வரை தூக்கம் வராது. அந்தக் குறி எப்படி விழுகிறது என்பதை ரத்தம் எடுக்கும் முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

நாம் 'நார்மல்' என்பதை ஆய்வகங்கள் 'ரெஃபரன்ஸ் ரேஞ்ச்' என்கின்றன. 1969இல் பின்லாந்தின் ரால்ஃப் கிராஸ்பெக்கும் நில்ஸ்-எரிக் சாரிஸும் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். நலமாக இருப்பவர்கள் குறைந்தது 120 பேரிடம் ரத்தம் எடுத்து, அளவுகளை ஏறுவரிசையில் அடுக்குவார்கள். இரு முனையிலும் 2.5 சதவீதத்தை ஒதுக்கிவிட்டால், நடுவில் மிஞ்சும் 95 சதவீதம்தான் எல்லை. 120 பேரில் கீழே மூவர், மேலே மூவர் எல்லைக்கு வெளியே நிற்கிறார்கள். அந்த ஆறு பேரும் நலமானவர்கள்தான்!

ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளை நலமான 100 பேருக்குச் செய்தால், சுமார் 64 பேருக்கு ஓர் எண்ணாவது எல்லை தாண்டிவிடும். உடலில் பல அளவுகள் சேர்ந்தே ஏறி இறங்குவதால் நிஜத்தில் இது கொஞ்சம் குறையும். ஆனாலும் முழு உடல் பரிசோதனைக்குப் போகிறவரிடம், "ஒன்றிரண்டு இடத்தில் குறி விழலாம், பயப்படாதீர்கள், சேர்ந்து பார்ப்போம்" என்று முன்கூட்டியே சொல்வது ஆறுதல் வார்த்தை மட்டுமல்ல, சரியான கணக்கும்கூட. ரத்தம் எடுக்கும் விதத்தாலும் குறி விழலாம்: பொட்டாசியம் கூடியிருந்தால், ஊசி ஏறும்போது கையை இறுக்கி இறுக்கி மடக்கியதேகூடக் காரணமாக இருக்கலாம்.

எல்லா எல்லையும் இப்படி வந்ததல்ல. சர்க்கரை நோயைக் கண்டறியும் ஹெச்பிஏ1சி அளவில் 6.5 சதவீதம் என்ற கோடு, அதையொட்டி விழித்திரை பாதிப்பு கூடத் தொடங்குவதைப் பார்த்துப் போட்டது. அதைத் தாண்டினால் அர்த்தமே வேறு. எந்தக் கோடு எந்த வகை என்று பிரித்துச் சொல்ல டாக்டர்தான் வேண்டும்.

குறி விழாத எண்ணும் சில நேரம் பேசும். சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் ஒருவருக்கு வருடக்கணக்கில் 0.7 என்றே இருந்து, இப்போது 1.1 ஆகியிருக்கிறது. இரண்டுமே எல்லைக்குள் இருப்பதால் தடித்த எழுத்து கிடையாது. பழைய ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்தால்தான் அந்த ஏற்றம் கண்ணில் படும். நல்ல டாக்டர், "போன வருஷத்து ரிப்போர்ட் வெச்சிருக்கீங்களா?" என்று முதலில் கேட்பது அதற்காகத்தான்.