கண் தோன்றும் வரை

நீலகிரியின் அவலாஞ்சி போன்ற பொரிப்பகங்களில் பேணப்படும் டிரவுட் மீனின் முட்டை, கருவுற்று நீரை உறிஞ்சி இறுகிய முதல் நாளில் ஓரளவு கையாளத் தக்கதாயினும், இரண்டாம் நாளுக்குப் பின், மெல்லிய கருப்படலம் மஞ்சட்கருவைச் சுற்றிச் சிறுகச் சிறுகப் படரும் அந்தச் சூட்சுமமான காலத்தில், தட்டைச் சற்று வேகமாக வைத்த அதிர்ச்சியினாலேயே மாண்டுபோகக் கூடும். உள்ளுறை கிழிந்து மஞ்சட்கரு நீருடன் கலந்தால், அதிலுள்ள புரதம் திரிந்து, பொன்னிற முட்டை சுண்ணாம்பாய் வெளுத்துவிடும். இவ்வளவு சிறிய ஜீவனுக்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருக்கிறது! 10 பாகை செல்சியஸ் நீரில் ஏறக்குறைய 16 நாட்களில் இரு கரிய கண்கள் ஓட்டினூடே தெரிந்த பின்னரோ, பணியாளர்கள் வேண்டுமென்றே முட்டைகளைச் சற்று உயரத்திலிருந்து நீரில் ஊற்றி அதிர்விப்பர். உயிருள்ளவை தாங்கிக்கொள்ள, கருவுறாதவை வெளுத்துவிடும். அவற்றை உடனே பொறுக்கி நீக்காவிடில், பூஞ்சணம் படர்ந்து அண்டை முட்டைகளையும் நாசமாக்கும்.